டி அண்ட் டி நாவல்கள்: படிக்க நல்லது எது, ஆட உதவுவது எது?

பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை ஆடி முடித்த கையோடு, விடுதி அறையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) பகடை உருட்டத் தொடங்கியவர்கள் காட்பாடிப் பக்கம் உண்டு. சில வாரங்களில் அவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இந்த விளையாட்டின் உலகங்களை வைத்து நூற்றுக்கணக்கில் நாவல்கள் இருக்கின்றனவே, எதை வாங்குவது? பழைய ரசிகர்களைக் கேட்டால் குழப்பம்தான் கூடும். ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடும் புத்தகத்தை இன்னொருவர் 'தொடாதே' என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரி. முன்னவர் அதைக் கதையாகப் படித்தார். பின்னவர் அதை வைத்து ஆட்டம் நடத்தப் பார்த்தார்.

ஆகவே வாங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பாத்திரத்தை ஆடும் பிளேயரா, கதை சொல்லி ஆட்டம் நடத்தும் டிஎம்மா (டன்ஜன் மாஸ்டர்), இரண்டும் இல்லாமல் கதை மட்டும் வேண்டியவரா? மூவருக்கும் ஒரே புத்தகம் பொருந்துவது அபூர்வம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நீளம். ஒரு புத்தகத்தோடு முடிகிற கதை வேறு, மூன்று வாங்கினால்தான் முடிகிற கதை வேறு. கல்லூரியின் கேட், ஃபேட் தேர்வுகளுக்கு நடுவே படிக்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது, மேசைப் பயன். நாவலில் வரும் ஊர், வழக்கம், பகை, உணவு, தெருப்பெயர் இவற்றை அடுத்த செஷனில் (ஒருமுறை கூடி ஆடும் ஆட்டத்தில்) அப்படியே இறக்க முடிகிறதா? மூன்றாவது, கெடுதல். நாவலைப் படித்த பிளேயருக்கு ஆட்டத்தின் மர்மம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதா? உலகத்தில் நடக்க வேண்டிய பெரிய காரியத்தையெல்லாம் நாவலின் நாயகர்களே முடித்துவிட்டார்களா?

நான்காவது, விதிகள். 1984இல் எழுதிய நாவலின் மந்திரம் அன்றைய விதிப்படி நடக்கும். உங்கள் கையில் இருப்பதோ 2014இலோ 2024இலோ வந்த விதிநூல். ஐந்தாவது ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவருக்குச் சண்டைக் காட்சிகளின் ஆயுதச் சொற்கள் தடுக்கும். உரையாடல் மிகுந்த நாவல் ஓடிவிடும்.

'எது அதிகாரபூர்வம்' என்ற பழைய சண்டையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விளையாட்டின் விதிகளுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபோர்ட் 2021இல் அதை முடித்துவைத்துவிட்டார்: 5ஆம் பதிப்பின் விளையாட்டு நூல்களில் இருப்பதுதான் விளையாட்டுக்குக் கணக்கு, நாவல்கள் அதில் சேராது. பழைய ரசிகர்களில் பலருக்கு அது கசந்தது. டிஎம்முக்கு அது வசதி. 'நாவலில் அப்படி இல்லையே' என்று மேசையில் யாராவது குறுக்கிட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

| வரிசை | எதில் தொடங்குவது | குறைந்தபட்சம் எத்தனை புத்தகம் | கதையாக | டிஎம்முக்கு | பிளேயர் படித்தால் |
|---|---|---|---|---|---|
| டிராகன்லான்ஸ் | டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்விலைட் | 3 | மிக நன்று, மெதுவான தொடக்கம் | சிக்கல் | போர்க்கதை முழுதும் தெரிந்துவிடும் |
| ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் | ஹோம்லேண்ட் | 1 | நன்று | நன்று | பெரிய கெடுதல் இல்லை |
| டார்க் சன் | தி வெர்டன்ட் பேசேஜ் | 1 (மொத்தம் 5) | சுமார் | முதல் புத்தகம் மட்டும் | தொடக்க சாகசம் உடையும் |
| ராவன்லாஃப்ட் | ஐ, ஸ்ட்ராட் | 1 | நன்று | மிக நன்று | படிக்கக் கூடாது |
| எபெரான் | சிட்டி ஆஃப் டவர்ஸ் | 1 (மொத்தம் 3) | சுமார் | மிக நன்று | கெடுதல் இல்லை |
| பால்டர்ஸ் கேட் நாவல்கள் | வேண்டாம் | 3 | மோசம் | பயன் இல்லை | கெடுதலும் இல்லை |

## டிராகன்லான்ஸ்

மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரும் எழுதிய கிரானிக்கிள்ஸ் முத்தொகுதி 1984, 85 ஆண்டுகளில் வந்தது. இந்த உலகில் மட்டும் பிறகு 190க்கும் மேற்பட்ட நாவல்கள் குவிந்தன. மலைத்துப்போக வேண்டாம்; கிரானிக்கிள்ஸ் மூன்று, அதைத் தொடர்ந்து 1986இல் வந்த லெஜண்ட்ஸ் மூன்று, இந்த ஆறோடு நிறுத்திக்கொண்டாலும் எதையும் இழக்கமாட்டீர்கள்.

இதே கதை அதே காலத்தில் டிஎல் வரிசை சாகசத் தொகுப்புகளாகவும் (டிஎம் மேசையில் நடத்துவதற்கான ஆயத்தக் கதைகள்) விற்பனைக்கு வந்தது. நாவலின் தழும்பும் அங்கிருந்துதான். முதல் புத்தகத்தில் பகடைச் சத்தம் கேட்கும்: ஒரு சண்டை, ஒரு தப்பித்தல், ஒரு வழிகாட்டி, மறுபடி சண்டை. 'நாலு அத்தியாயத்தில் மூடிவைத்தேன்' என்பவர்கள் குறை சொல்வது இதைத்தான். 'அழவைத்துவிட்டது' என்பவர்கள் இரண்டாம் புத்தகத்தை எட்டியவர்கள். இதில் நான் இரண்டாம் கட்சி.

இரண்டாம் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. முதல் புத்தகம் முடிந்த இடத்துக்கும் இது தொடங்கும் இடத்துக்கும் நடுவே, தோர்பார்டின் என்ற குள்ளர்களின் நிலத்தடி ராஜ்யத்தில் ஒரு முழுச் சாகசம் நடந்து முடிந்திருக்கும். ஆட்டமாக ஆடியவர்களுக்கு அது தெரியும். நாவலிலோ சில வரிகளில் கடந்துவிடுவார்கள். பக்கம் கிழிந்த பிரதி வந்துவிட்டதோ என்று கடைக்காரரிடம் போக வேண்டாம், பிரதியில் கோளாறு இல்லை. விட்டுப்போன அந்தப் பகுதி 2006இல்தான் டிராகன்ஸ் ஆஃப் தி டுவார்வன் டெப்த்ஸ் என்று தனி நாவலாக வந்தது. அதை நடுவில் செருகிப் படிக்காதீர்கள், வேகம் போய்விடும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். வட ஆற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும், தெரிந்துதான் வருகிறார்கள். டிராகன்லான்ஸை அப்படி ஆட முடிந்தால் சரி. நாவலின் நாயகர்களான டானிஸ், ஸ்டர்ம், ராய்ஸ்ட்லின் வேடங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, தெரிந்த கதையை நடித்துப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் பகடை கதைக்குக் கட்டுப்படாது. நாவலில் மூன்றாம் புத்தகம்வரை வாழ வேண்டியவர் உங்கள் மேசையில் மூன்றாம் செஷனில் விழுந்துவிட்டால் டிஎம் என்ன செய்வார்? அந்த நாயகர்களை விட்டுவிட்டுப் புதுப் பாத்திரங்களோடு ஆடினாலோ, 'முக்கியமானதெல்லாம் வேறெங்கோ நடக்கிறது, நாம் ஓரத்தில் நிற்கிறோம்' என்ற குறை வரும்.

இந்த இரண்டாவது குறைக்கு ஒரு மருந்து உண்டு. 2022இல் 5ஆம் பதிப்புக்காக வந்த ஷேடோ ஆஃப் தி டிராகன் குவீன் அதே போரை வேறொரு முனையில், கலமன் நகரப் பக்கம் வைத்து நடத்துகிறது. நாவல் நாயகர்களின் நிழல் அங்கே விழாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கெண்டர் என்ற இனம் நாவலில் அத்தனை பேருக்கும் செல்லம். டாஸல்ஹாஃப் என்ற கெண்டர் எடுக்கும் பொருளெல்லாம் தானாக அவன் பைக்குள் விழுந்ததாகவே அவன் நம்புவான். அதே கெண்டரை ஒரு பிளேயர் எடுத்துக்கொண்டு சக பிளேயர்களின் மந்திர மோதிரத்தைச் சுருட்டத் தொடங்கினால் அந்த மேசை மூன்று வாரம் தாங்காது. 'குழுவுக்குள் கை வைக்கக் கூடாது' என்று ஆட்டம் தொடங்குமுன்பே பேசிவிடுங்கள். அடுத்தது ராய்ஸ்ட்லினின் மந்திரம். காலையில் மனப்பாடம் செய்வான். சொன்னதும் மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். உடல் துவண்டு இருமுவான். மனப்பாடமும் மறதியும் அந்தக் கால விதி. இன்றைய விதியில் தயார்செய்த மந்திரம் மறப்பதில்லை, ஸ்லாட் (மந்திரம் சொல்லும் வாய்ப்பு) மட்டுமே குறையும். நாவலைப் படித்துவிட்டு விஸர்ட் (மந்திரவாதி) பாத்திரம் எடுக்கும் புதியவர் இந்த இடத்தில் தவறாமல் தடுமாறுவார்.

யாருக்கு: கதை மட்டும் வேண்டியவர், ஆங்கில ஃபேன்டஸியில் முதல் நாவல் தேடுபவர். மொழி எளிது, உரையாடல் அதிகம்.

## ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்

இங்கே ரசிகர்கள் பிரிவது டிரிஸ்ட் என்ற ஒரே பாத்திரத்தை, நிலத்தடியில் பிறந்த ஒரு டார்க் எல்ஃபை, முன்னிட்டு. ஆர். ஏ. சால்வடோர் 1988இல் எழுதிய தி கிரிஸ்டல் ஷார்ட் நாவலில் அவன் துணைப் பாத்திரமாக வந்தான். நாயகனாக நினைத்திருந்தது வல்ஃப்கார் என்ற இளைஞனை. வாசகர்கள் டிரிஸ்டைப் பிடித்துக்கொண்டதும் அவனுடைய பிறப்புக்கதையாக ஹோம்லேண்ட், எக்ஸைல், சோஜர்ன் மூன்றும் 1990, 91இல் வந்தன. இன்றைக்கு முப்பதைத் தாண்டிவிட்டது.

வெளிவந்த வரிசையில் படிப்பதா, கதை நடக்கும் வரிசையிலா என்று ஒரு முடிவில்லாத வாதம் உண்டு. ஹோம்லேண்டில் தொடங்குங்கள். கிரிஸ்டல் ஷார்ட் சால்வடோரின் முதலில் வெளிவந்த நாவல், அந்தக் கன்னி முயற்சி தெரியும். ஹோம்லேண்டோ மென்சோபெரான்சன் என்ற நிலத்தடி நகரத்தின் குடும்ப அரசியலைத் தனியாகவே நின்று சொல்லும்; ஒரு குடும்பம் இன்னொன்றை ஒரே இரவில் சாட்சியில்லாமல் அழித்துவிட்டால் குற்றமில்லை, சாட்சி மிஞ்சினால் குற்றம் என்ற அந்த ஊர் நியாயம் ஒன்றே டிஎம்முக்கு நாலு செஷன் சோறு போடும். அவுட் ஆஃப் தி அபிஸ் சாகசம் நடத்துகிறவர் படிக்க வேண்டிய புத்தகம் அது. ரைம் ஆஃப் தி ஃப்ராஸ்ட்மெய்டன் சாகசம் நடத்துகிறவருக்கு மட்டும் கிரிஸ்டல் ஷார்ட்: பத்து ஊர்களும் ஏரிகளும் கண்முன் வரும். அந்த நாவலுக்கும் இந்தச் சாகசத்துக்கும் நடுவே கதைக்காலத்தில் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பிடிக்காதவர்கள் சொல்லும் குறைகளும் நியாயமானவை. வாள்வீச்சு பக்கம் பக்கமாகப் போகும். சொல் புரியாதவர் அந்தப் பத்திகளைத் தாண்டினால் கதைக்கு நஷ்டமில்லை. பகுதிக்குப் பகுதி டிரிஸ்ட் தன் மனதை எழுதிக்காட்டும் குறிப்புகள் சிலருக்கு உயிர், சிலருக்கு உபதேசம். ஐந்தாறு புத்தகத்துக்குப் பிறகு 'முக்கியமானவருக்கு எதுவும் ஆகாது' என்ற அலுப்பும் வரும்.

மறைமுகச் செலவு மேசையில்தான். ஹோம்லேண்ட் படித்த பிளேயர் அடுத்த வாரமே இரண்டு வளைவாள் ஏந்திய, தனிமை விரும்பும், நல்ல டார்க் எல்ஃப் ஒருவனை எழுதிக்கொண்டு வருவார். 'இவன் ஏன் இந்த நால்வரோடு சேர்ந்து போகிறான்?' என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் பாத்திரமும் இல்லை. இந்த உலகின் இன்னொரு நோய் எல்மின்ஸ்டர். இத்தனை பெரிய மந்திரவாதி இருக்கும்போது இந்தக் காரியத்துக்கு மூன்றாம் லெவல் ஆட்களான நாங்கள் எதற்கு என்று பிளேயர் கேட்பார். நாவல்களில் அவரைக் காணாத பிளேயருக்கு அந்தக் கேள்வியே எழாது.

1989இல் வந்த அவதார் முத்தொகுதியை யாராவது சிபாரிசு செய்தால் யோசியுங்கள். 2ஆம் பதிப்பின் விதி மாற்றங்களுக்குக் காரணம் சொல்ல எழுதியது அது. அசாசின் (கூலிக்கொலையாளி) என்ற பிரிவை விதிநூலிலிருந்து எடுத்தார்கள்; நாவலில் அத்தனை அசாசின்களும் செத்தார்கள். வரலாறாகச் சுவாரசியம், கதையாகச் சுமை.

## டார்க் சன்

தண்ணீரில்லாத, சுட்டெரிக்கும் உலகம். மே மாதம் வேலூரில் உட்கார்ந்து படிப்பவருக்கு வர்ணனையைக் கற்பனை செய்யும் சிரமம் இல்லை. டிராய் டென்னிங் 1991 முதல் 93 வரை எழுதிய ஐந்து நாவல்கள் ப்ரிஸம் பெண்டட் எனப்படும்.

ரசிகர்களின் கோபம் நடைமேல் இல்லை. நாவல்கள் உலகத்தைத் தின்றுவிட்டன என்பதுதான். 1991இல் விளையாட்டு நூல்கள் அடங்கிய பெட்டி வந்தது: டயர் நகரத்தை கலக் என்ற மந்திர அரசன் ஆள்கிறான். அதே ஆண்டு வந்த முதல் நாவலில் அவன் வீழ்கிறான். கூடவே வந்த ஃப்ரீடம் சாகசத் தொகுப்பில் பிளேயர்கள் அவனுடைய கோபுரத்தைக் கட்டும் அடிமைகள். உச்சக்கட்டத்தில் ஈட்டி எறிவதோ நாவலின் ஆள். மாதக்கணக்கில் கல் சுமந்த பிளேயர் வேடிக்கை பார்க்க வேண்டும். அடுத்தடுத்த நாவல்களில் உலகம் தலைகீழாக மாறி, 1995இல் திருத்திய பெட்டியே வெளியிட வேண்டியதாயிற்று. 2010இல் 4ஆம் பதிப்புக்காக மறுபடி வந்தபோது, கலக் இறந்த கையோடு காலத்தை நிறுத்திவிட்டு மற்றதை ஒதுக்கிவிட்டார்கள். ரசிகர்கள் சொன்னது சரிதான் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

எனவே முதல் நாவல் மட்டும் போதும். ஃப்ரீடம் நடத்துவதானால் ஈட்டியைப் பிளேயர் கையில் கொடுங்கள்.

## ராவன்லாஃப்ட்

இந்தத் திகில் வரிசையின் பெரிய பலம், நாவல்கள் பெரும்பாலும் தனித்தனி. ஒன்றை வாங்கினால் ஒன்றோடு முடியும். கிறிஸ்டி கோல்டனின் வாம்பயர் ஆஃப் தி மிஸ்ட்ஸ் 1991, பி. என். எல்ராடின் ஐ, ஸ்ட்ராட் 1993.

கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் சாகசம் நடத்தப்போகும் டிஎம் ஒரே ஒரு நாவல் வாங்குவதென்றால் ஐ, ஸ்ட்ராட். வில்லன் ஸ்ட்ராட் தன் கதையைத் தானே சொல்கிறான். தன் குற்றத்தை எப்படி நியாயப்படுத்துகிறான், எதிராளியோடு எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். விருந்துக்கு அழைக்கும் காட்சியில் அந்தத் தொனியை எடுத்துக்கொள்ளலாம்.

இதே காரணத்தால் பிளேயர் இதைத் தொடக் கூடாது. அந்தச் சாகசத்தில் பிளேயர்கள் தேடி அலையும் பொருள்களில் ஒன்று டோம் ஆஃப் ஸ்ட்ராட், அதாவது அவன் எழுதிய நூல். அதைக் கண்டெடுத்துப் படிக்கும்போதுதான் டட்யானா யார், தம்பிக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டும். நாவல் படித்தவருக்கு அந்தப் பரிசு வெறும் காகிதம்.

நைட் ஆஃப் தி பிளாக் ரோஸ் என்ற 1991 நாவல் டிராகன்லான்ஸின் வில்லன் லார்ட் சோத்தை இந்த உலகுக்குக் கொண்டுவந்தது. டிராகன்லான்ஸ் ரசிகர்களில் பலருக்கு அது இன்றும் உறுத்தல். கிரானிக்கிள்ஸ் முடித்தபின் படியுங்கள். அவன் யாரென்று தெரியாமல் படித்தால் பாதிச் சுவைதான்.

கோட்டையை வர்ணிக்க வார்த்தை வராத டிஎம்முக்கு நாவலைவிட மலிவான உதவி பக்கத்திலேயே இருக்கிறது. பொழுது சாயும் நேரம் வேலூர்க் கோட்டை அகழியோரம் ஒரு சுற்று நடந்து, கருங்கல் மதில் தண்ணீரில் எப்படித் தெரிகிறது, நகரச் சத்தம் எந்த இடத்தில் குறைகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

## எபெரான்

2004இல் வந்த உலகம். மற்ற உலகங்கள் பட்ட அடியைப் பார்த்து உருவானதாலோ என்னவோ, தொடக்கத்திலேயே ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள்: ஆட்டம் தொடங்கும் ஆண்டு அந்த உலகக் கணக்கில் 998, எந்த நாவலும் அதை நகர்த்தாது. நாவலில் நடப்பது நாவலோடு சரி. அதனால் 'நாயகர்கள் முடித்துவிட்டார்கள்' என்ற டிராகன்லான்ஸ் குறைக்கும் 'அரசனையே கொன்றுவிட்டார்கள்' என்ற டார்க் சன் குறைக்கும் இங்கே இடமில்லை.

உலகை உருவாக்கிய கீத் பேக்கரே எழுதிய சிட்டி ஆஃப் டவர்ஸ் 2005இல் வந்தது. போர் முடிந்து வேலையில்லாமல் ஷார்ன் நகரத்துக்கு வரும் பழைய சிப்பாய்கள் கதை. முதல் பாதியில் கதையைவிட ஊர் சுற்றிக்காட்டுவது அதிகம் என்பது நியாயமான குறை. ஷார்னில் ஆட்டம் நடத்துகிறவருக்கு அதுதான் லாபம். கதைக்காக மட்டும் வாங்குகிறவருக்கு ஹோம்லேண்ட் மேல்.

## பால்டர்ஸ் கேட் நாவல்கள்

பெயரைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இவை 1999 முதல் 2001 வரை, பழைய இரண்டு கணினி விளையாட்டுகளை வைத்து வந்தவை; 2023இல் வந்த மூன்றாவதோடு தொடர்பில்லை. விளையாட்டில் நாயகன் நல்லவனா கெட்டவனா என்பது உங்கள் கையில். நாவலில் அப்டெல் என்ற ஒரு முரடனை நாயகனாக்கி, கூட வருகிறவர்களையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் ஒருமனதாக ஒதுக்கும் புத்தகம் அபூர்வம். இது அதற்கு வெகு அருகில் வரும்.

## வாங்கும்போது

ஐந்து பேர் கொண்ட குழு காசு சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் நாவல் வேண்டாம். அந்த உலகின் விளையாட்டு நூலை வாங்குங்கள். நாவலில் ஒரு ஊரைப் பற்றி நாலு தகவல் பொறுக்க முந்நூறு பக்கம் படிக்க வேண்டும். விளையாட்டு நூலில் அது அரைப் பக்கம்.

நாவல்தான் என்றால், கிரானிக்கிள்ஸ் மூன்றும், டிரிஸ்டின் முதல் மூன்றும் தனித்தனியாகவும் ஒரே தொகுதியாகவும் கிடைக்கும். ஒரே தொகுதி காசுக்கு மிச்சம். ஆனால் ஏறக்குறைய ஆயிரம் பக்கம், சென்னை ரயிலில் நின்றுகொண்டு படிக்க முடியாது, நண்பர்களுக்குள் ஆளுக்கொன்றாகச் சுற்றவிடவும் முடியாது. டார்க் சன், பழைய ராவன்லாஃப்ட் வேண்டியவர் மின்நூலை முதலில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பழைய பிரதி வரவழைத்தால் புத்தக விலையை அஞ்சல் செலவு தாண்டிவிடும்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய பிரதி தேடுகிறவர்கள் மூன்றைப் பாருங்கள். அட்டையில் எத்தனையாவது புத்தகம் என்று போட்டிருக்கும். முத்தொகுதியில் நடுப் புத்தகம் மட்டும் அகப்படுவது சகஜம், விலை குறைவென்று எடுத்தால் மற்ற இரண்டையும் புதிதாக வாங்க வேண்டிவரும். அடுத்து, கடைசிப் பத்துப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டுங்கள். மூன்றாவது முதுகுப் பசை. எண்பதுகளின் மலிவுப் பதிப்புகளில் பசை காய்ந்து நொறுங்கிப்போயிருக்கும். நடுவில் விரித்ததும் 'சட்' என்று சத்தம் வந்தால் முதல் வாசிப்பிலேயே தாள் தாளாகக் கழன்றுவிடும். நல்ல பிரதியே கிடைத்தாலும் தகரக் கூரை அறையிலோ பரண்மேலோ கோடையில் போட்டுவைக்காதீர்கள். கழன்ற பிரதியை வெள்ளைப் பசை தடவி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஒரு இரவு வைத்து எடுக்கலாம். முதுகில் செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். ஒரு வெயில் காலத்தில் அது மஞ்சளாகி, அட்டையையும் உரித்துக்கொண்டு வரும்.